‘ரேகை விழல’

(திண்டுக்கல்லில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



அடையாளம் என்ற சொல்லை நம்முடைய மேடைகளில் முப்பது வருசத்துக்கு மேலாகப் பேசி வருகிறோம். தலித் அடையாளம், மறுக்கப்பட்ட அடையாளம், மீட்டெடுக்க வேண்டிய அடையாளம் என்று எத்தனை கட்டுரை, எத்தனை சண்டை! நான் இன்றைக்குப் பேச வந்தது அந்த அடையாளத்தைப் பற்றி அல்ல. பன்னிரண்டு இலக்க நம்பர் ஒன்று, பெருவிரல் ரேகை ஒன்று, போன் நம்பர் ஒன்று. அரசாங்கத்துக் கம்ப்யூட்டருக்கு நாமன்னா அம்புட்டுதான். அந்த அடையாளம் களவு போகிறது. களவு கொடுத்த ஆளே கடைசியில் களவாணியாகவும் நிற்கிறார். அதைப் பற்றித்தான் பேச்சு.

நான் மனு எழுதுகிறவன். திங்கட்கிழமை ஆனால் கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம். வேடசந்தூர், குஜிலியம்பாறை, நத்தம், நிலக்கோட்டை என்று நாலா பக்கமிருந்தும் சனங்கள் பஸ் ஏறி வருவார்கள். பட்டா, பாதை, சுடுகாடு, முதியோர் பென்சன். மனு என்றால் முன்பெல்லாம் இதுதான். கொஞ்ச வருசமாகப் புதுசாக ஒரு மனு வருகிறது. ‘தம்பி, ஏங் கணக்குல காசு ஏறுச்சாம். எடுத்துட்டதாவும் இருக்காம். நான் எடுக்கலப்பா.’ யார் எடுத்தது? தெரியாது. எப்ப எடுத்தது? தெரியாது. பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தால் ஒரு வருசமாகப் பதியவே இல்லை.

டி.வி.யைத் திறந்தால் ஒரே அறிவுரை: ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள். சரிதான், சொல்லக் கூடாதுதான். 2024ஆம் வருசம் மட்டும் இந்தியாவில் சைபர் மோசடியில் போன பணம் 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் அரசாங்கமே பதில் சொல்லியிருக்கிறது. அதில் ஓ.டி.பி. சொல்லிக் கெட்டவர்கள் இருக்கிறார்கள், பேராசையில் கெட்டவர்களும் இருக்கிறார்கள். ரிட்டயர்டு அதிகாரி ஒருவரிடம் ஐம்பது லட்சம் பிடுங்கினால் அது முதல் பக்கச் செய்தி. நம்ம சனத்திடம் போகிறது ஆயிரம், ரெண்டாயிரம். அது செய்தி ஆவதில்லை. ஆனால் அந்த ரெண்டாயிரம் என்பது ஒரு வார அடுப்பு. அது போகிற வழியில் ஓ.டி.பி.யே கிடையாது.

எப்படிப் போகிறது? ஊரில் ‘கைவைக்கிற மிசினு’ என்று சொல்கிறோமே, அதற்கு ஏ.இ.பி.எஸ். என்று பேர். ஆதார் வழியாகப் பணம் எடுக்கிற முறை. ஆதார் நம்பர், பேங்க் பேர், விரல் ரேகை. இந்த மூன்றும் இருந்தால் போதும். கார்டு வேண்டாம், ரகசிய நம்பர் வேண்டாம், ஓ.டி.பி. வேண்டாம். ஒரு தடவைக்குப் பத்தாயிரம் வரைக்கும் எடுக்கலாம். படிக்காதவங்களுக்கு வசதி என்று சொல்லித்தான் கொண்டு வந்தார்கள். வசதிதான், இல்லேன்னு சொல்லல. பேங்க் எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. போக வர ஒரு நாள் கூலி போச்சு. போனாலும் நம்ம கிழவியை நாற்காலியில் உட்காரச் சொல்கிற கிளை எத்தனை? ‘செலான் எழுதத் தெரியாதா, வெளிய நில்லு’ என்கிற குரலைக் கேட்கிறதுக்கு, தெருமுக்குக் கடையில் கைவைத்து வாங்கிவிடலாம் என்றுதான் தோன்றும்.

அந்தக் கடையில் நடப்பது இது. ஒரு பெரியம்மா, குஜிலியம்பாறைப் பக்கம், நூறு நாள் வேலைக் கூலி எடுக்கப் போகிறார். விரலை வைக்கிறார். ‘ரேகை விழல, தொடச்சிட்டு வை’ என்கிறான். வைக்கிறார். ‘இன்னும் விழல.’ மூணாவது தடவை வைத்ததும் ஆயிரம் ரூபாயை எண்ணிக் கொடுக்கிறான். மூன்று தடவையும் விழுந்திருக்கிறது. மூன்று தடவையும் ஆயிரம். சீட்டு கேட்டால், ‘மிசின்ல பேப்பர் இல்ல ஆத்தா.’ எஸ்.எம்.எஸ். வராதா என்று இங்கே ஒரு தம்பி கேட்பான். வரும். கணக்கோடு எந்த போன் நம்பர் சேர்ந்திருக்கிறதோ அதற்கு வரும். அந்த நம்பர் கணக்கு ஆரம்பிக்கிற அன்றைக்குக் கூடப் போன ஆளுடைய நம்பர்.

மிசின் வைத்திருப்பவன் பூராம் திருடன் என்று நான் சொல்லவில்லை. அவனும் கமிசனுக்கு ஓடுகிறவன்தான். நம்ம தெருப் பிள்ளைகளே வைத்திருக்கிறார்கள், நாணயமாக நடத்துகிறார்கள். ஆனால் ‘ரேகை விழல’ என்ற சொல்லைப் பெரியம்மா ஏன் நம்பினார் என்பதை யோசிக்க வேண்டும். நிஜமாகவே பல நாள் அவருக்கு ரேகை விழுவதில்லை. ரேசன் கடையில் விழுவதில்லை, பென்சனுக்கு விழுவதில்லை. கல்லுடைத்த கை, களை எடுத்த கை. டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலைப் படித்தவர்களுக்கு நம்ம ஊர்த் தோல் ஷாப்பு தெரியும். சுண்ணாம்புக் குழியில் நின்ற கையில் ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? உழைத்துத் தேய்ந்த விரலை இந்த மிசின் விரலாகவே ஏற்பதில்லை. அந்தத் தேய்மானத்தையே அவன் களவுக்குக் கருவியாக ஆக்கிக்கொள்கிறான். (இந்த இடத்தில் ஏகலைவன் கதையைச் சொல்லுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். நம்ம மேடையில் அந்த ஆள் ரொம்ப அலைந்துவிட்டார்.)

விரல் வைக்காமலே ரேகை போகும். 2018 ஜூனில் தெலங்கானாவில் ஒரு ஆளைப் பிடித்தார்கள். நிலப் பத்திரங்கள் பதிவுத்துறை இணையதளத்தில் கிடந்தன. அதில் இருந்த கைரேகைகளை இறக்கி, ரப்பர் ஸ்டாம்பு செய்கிற மிசினில் ரப்பர் விரல் செய்து, ஆயிரக்கணக்கில் சிம் கார்டு வாங்கியிருந்தான். பின்னால் இதே வித்தையில் பல மாநிலங்களில் கணக்கிலிருந்தே பணம் எடுத்தார்கள். ரகசிய நம்பர் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியுமா?

ரேகையின் கதை பழசு. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்தோடு கைப்பதிவும் வாங்கினார். பின்னால் பென்சன்காரர்களிடம் விரல் ரேகை வாங்கினார். செத்தவர் பேரில் வேறு ஆள் வந்து பென்சன் வாங்கிவிடக் கூடாதே என்று. இந்தியன் பொய் சொல்லுவான், அவன் விரல் பொய் சொல்லாது என்பதுதான் அதற்குள் இருந்த நம்பிக்கை. அங்கிருந்து குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு வந்தது. நம்ம பக்கம் சனங்கள் அதற்கு வைத்த பேரே ரேகைச் சட்டம். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களை 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. திண்டுக்கல் அப்போது மதுரை ஜில்லாதான். செத்தவர்கள் பிரமலைக் கள்ளர்கள். அந்தச் சாதியோடு நமக்குத் தீராத கணக்கு எத்தனையோ உண்டு. அது வேறு கூட்டத்துக்கு. ஆனால் ரேகை கொடுத்தால் நாம் அவன் கைக்குப் போய்விடுவோம் என்று அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம்ம கதையில் ரேகை வேறு மாதிரி வந்தது. கைநாட்டாக வந்தது. பண்ணையார் வீட்டில் கல்யாணச் செலவுக்கு நூறு ரூபாய் கடன், வெத்துப் பத்திரத்தில் பெருவிரல். கடன் பத்திரம் என்று சொல்லிக் கிரயப் பத்திரத்தில் பெருவிரல். பஞ்சமி நிலம் போன வழிகளில் அதுவும் ஒன்று என்பது இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி வடக்கு மாவட்டங்களில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் அடையாளத் திருட்டு என்று பேசினால் நமக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. 2019 பிப்ரவரியில் மத்திய அரசு பி.எம். கிசான் திட்டத்தைத் தொடங்கியது. சொந்த நிலம் உள்ள விவசாயிக்கு வருசம் 6,000 ரூபாய், மூன்று தவணையாக, நேரே கணக்கில். அடுத்த வருசம் கொரோனா ஊரடங்கு. வேலை இல்லை, கூலி இல்லை. அந்த நேரத்தில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் தரகர்கள் தெருத்தெருவாக வந்தார்கள். ‘கொரோனா நிவாரணம் வருது, ஆதாரும் பாஸ்புக்கும் குடுங்க.’ வேளாண்மைத் துறையின் கடவுச்சொற்கள் அவர்கள் கைக்கு வந்திருந்தன. கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து பதிந்து தள்ளினார்கள். 2020 செப்டம்பரில் அரசாங்கமே சொன்ன கணக்கு: தகுதியில்லாதவர்கள் ஐந்தரை லட்சம் பேர், பணம் 110 கோடி. சி.பி.சி.ஐ.டி. வந்தது. தரகர்கள் கைதானார்கள். 80 பேரை வேலையை விட்டு எடுத்தார்கள், 34 அதிகாரிகளை சஸ்பெண்ட் செய்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம்ம விசயம். பணத்தைத் திருப்பி வாங்க எந்த வீட்டுக்குப் போனார்கள்? யார் பேரில் கணக்கு இருக்கிறதோ அந்த வீட்டுக்கு. தரகன் எடுத்த கமிசன் அவன் பையோடு போச்சு. திருப்பிக் கட்ட வேண்டியவன் கூலிக்காரன். அவனுக்கு வைத்த பேர் ‘தகுதியற்ற பயனாளி’. பாதிக்கப்பட்டவர் என்ற சொல் அந்தச் செய்திகளில் என் கண்ணில் படவில்லை. தெரிந்தே பதிந்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். இருக்கட்டும். ஆனால் நிவாரணம் என்று நம்பி ஆதாரைக் கொடுத்த கிழவியையும் அவர்களையும் ஒரே பட்டியலில் எழுதினார்கள். இன்னொன்றும் பாருங்கள். 1892இல் கொடுத்த பஞ்சமி நிலத்தைக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் சூட்டில் செத்தார்கள். நூறு வருசம் கேட்டும் கிடைக்காததைத் தரகன் கம்ப்யூட்டரில் ஒரு ராத்திரியில் செய்தான். நிலமில்லாதவனை நிலக்காரனாக்கினான். பிறகு நிலக்காரனாக இருந்த குற்றத்துக்கு அவனிடமே வசூலும் நடந்தது.

இது ஒரு தடவை நடந்து முடிந்த கதை இல்லை. ஏழைகளின் ஆதாரையும் பான் கார்டையும் வைத்துப் போலிக் கம்பெனி ஆரம்பிக்கிறார்கள். 2023 மே முதல் ஜூலை வரை நாடு முழுக்க நடத்திய ஜி.எஸ்.டி. சோதனையில் 21,791 நிறுவனங்கள் இல்லவே இல்லை என்று தெரிந்தது. தினக்கூலிக்காரன் வீட்டுக்குக் கோடிக்கணக்கில் வரி நோட்டீஸ் வருகிற செய்தியை நீங்களே படித்திருப்பீர்கள். கடனுக்கு என்று ஆதார் ஜெராக்ஸ் கொடுத்திருப்பான், வேலை வாங்கித் தருகிறேன் என்றவனிடம் கொடுத்திருப்பான். எத்தனை பேரிடம் கொடுத்தோம் என்று அவனுக்கு எப்படி நினைவிருக்கும்?

படிக்கிற பிள்ளைகளுக்கு இதில் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரு தம்பி என்னிடம் வந்தான். கல்லூரியில் இரண்டாம் வருசம். கூடப் படிக்கிறவன் கேட்டான் என்று பேங்க் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் மூவாயிரம் ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறான். ‘ஆன்லைன் பிசினஸ், உனக்கு ஒண்ணும் வராது.’ எங்கேயோ வடக்கில் ஒரு டாக்டரிடம் பிடுங்கிய பணம் அவன் கணக்கு வழியாகப் போயிருக்கிறது. வெளி மாநிலப் போலீஸ் கணக்கை முடக்கிவிட்டது. அவனுடைய எஸ்.சி. உதவித்தொகை வருகிற கணக்கும் அதுதான். காலேஜில் பீஸ் கட்டச் சொல்கிறார்கள், காசு கணக்கில் நிற்கிறது, எடுக்க முடியாது. திருடன் இந்தக் கணக்குகளைத் தேடி வருவது ஏன் என்றால், மாட்டுவது கணக்குக்காரன்தான். மூவாயிரத்துக்கு ஒரு முதல் தலைமுறைப் பட்டதாரி கிடைக்கிறான், அவனுக்கு வேறென்ன வேண்டும்?

உதவித்தொகை என்று சொல்லியே போன் வருகிறது. கல்வித்துறை அதிகாரி என்பான், பிள்ளை பேர், பள்ளிக்கூடம் எல்லாம் சரியாகச் சொல்வான், க்யூ.ஆர். கோடு அனுப்புவான். 2024இல் கோவைப் போலீஸ் இப்படி ஒரு கும்பலைப் பிடித்தது. பணம் வருவதற்கு க்யூ.ஆர். கோடும் வேண்டாம், ரகசிய நம்பரும் வேண்டாம். நம்பர் போட்டால் காசு போகும், வராது. வெளிநாட்டில் டேட்டா என்ட்ரி வேலை என்றாலும் விசாரியுங்கள். 2022இல் தாய்லாந்து என்று நம்பிப் போனவர்களை மியான்மரில் அடைத்து வைத்து இதே மோசடி வேலையைச் செய்யச் சொல்லி அடித்தார்கள். அந்த அக்டோபரில் 13 தமிழர்கள் மீண்டு சென்னை வந்தார்கள்.

அதிகாரி என்ற குரலுக்கு நாம் ஏன் இப்படி நடுங்குகிறோம்? போனிலேயே கைது என்கிறான். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. படித்தவர்களே மூன்று நாள் கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். நிஜ அதிகாரியிடம் நமக்குள்ள அனுபவம் அப்படி. 2023 டிசம்பர் 1 அன்று அமலாக்கத் துறை அதிகாரி ஒருவரை இதே திண்டுக்கல்லில்தான் லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. ஒரு அரசு டாக்டரிடம் 20 லட்சம் வாங்கினார் என்று வழக்கு. அசலே இப்படி என்றால் போலியை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? ஸ்டேசன் வாசலில் கைகட்டி நின்று பழகிய சனத்துக்கு மிரட்டுகிற குரல் எல்லாமே அசலாகத்தான் கேட்கும்.

சரி, என்ன செய்வது? திண்டுக்கல்காரனுக்குப் பூட்டைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2019இல் நம்ம பூட்டுக்குப் புவிசார் குறியீடே வந்தாச்சு. ரேகைக்கும் ஒரு பூட்டு உண்டு. ஆதார் செயலியில், இணையதளத்தில் ரேகையைப் பூட்டி வைக்கலாம். அப்புறம் யார் வைத்தாலும் மிசின் ஏற்காது. ஆனால் நீங்களே ரேசன் கடையில் வைத்தாலும் ஏற்காது. வேண்டும்போது சில நிமிசத்துக்குத் திறந்து மூடிக்கொள்ளலாம். பெரிய போன் வைத்திருக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இது முடியும். தனியாக இருக்கிற கிழவிக்கு இதைச் சொல்லிவிட்டு வருவது அவரைப் பட்டினி போடுவது. அங்கே தெருவில் படித்த பிள்ளை ஒருத்தர் பணம் எடுக்கிற நாளில் கூடப் போக வேண்டும். ஒவ்வொரு தடவை விரல் வைத்ததற்கும் சீட்டு கேட்க வேண்டும், ‘விழல’ என்றால் அதற்கும் சீட்டு. பேப்பர் இல்லையென்றால் இன்றைக்கு எடுக்க வேண்டாம், வா ஆத்தா என்று கூட்டி வந்துவிட வேண்டும். மாசம் ஒரு தடவை தெருப் பாஸ்புக் பூராவும் சேர்த்துக் கொண்டுபோய்ப் பதிந்து வாருங்கள். பத்துப் பேர் பாஸ்புக்கோடு போனால் பேங்கில் குரல் கொஞ்சம் தணிகிறது. இது என் அனுபவம்.

ஆதாரிலும் கணக்கிலும் உள்ள போன் நம்பர் யாருடையது என்று முதலில் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேதான். உங்கள் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று சஞ்சார் சாத்தி தளத்தில் தெரியும். குழுக்கடன் வாங்குகிற அக்காமார் பேரில் வாங்காத கடன் இருக்கிறதா என்று பார்க்க, வருசம் ஒரு தடவை சிபில் அறிக்கை இலவசம். ஜெராக்ஸ் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற ஆதாரைக் கொடுங்கள், எதற்குக் கொடுத்தது என்று அதன்மேலேயே தேதி போட்டு எழுதுங்கள்.

பணம் போய்விட்டால் மறு நிமிசம் 1930. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும், எடுத்துக்கொண்டு போவதற்குள் நிறுத்த முடியும். நாலு நாள் அழுதுவிட்டுப் போனால் நிறுத்த ஒன்றுமிருக்காது. பேங்குக்கும் அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை போட்டது. உன் தப்பும் இல்லை, பேங்க் தப்பும் இல்லை, வெளியாள் செய்த மோசடி என்றால், தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நட்டம் கிடையாது. வாடிக்கையாளர் தப்பு என்றால் பேங்குதான் நிரூபிக்க வேண்டும். கவுண்டரில் இதைச் சொல்ல மாட்டார்கள். முப்பது நாளில் பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், போன் 14448. ஸ்டேசனில் ‘இங்க இல்ல, அங்க போ’ என்று அலைக்கழித்தால், 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டப்படி எந்த ஸ்டேசனிலும் எப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று சொல்லுங்கள். அடையாளத் திருட்டுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66சி என்று தனிப் பிரிவே இருக்கிறது, மூன்று வருசம் வரை சிறை.

மனு எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று. சனங்கள் சொல்லச் சொல்ல எழுதினால் ‘அய்யா அவர்கள் கருணை கூர்ந்து’ என்றுதான் வரும். நான் இந்த விசயத்தில் அப்படி எழுதுவதில்லை. ‘என் பணம் இந்தத் தேதியில், இத்தனை மணிக்கு, இத்தனை ரூபாய் எடுக்கப்பட்டது. நான் எடுக்கவில்லை. திரும்ப வரவு வைக்கவும்’ என்று நாலு வரி. மேலே ‘மனு’ என்று போடாமல் ‘புகார்’ என்று போடுகிறேன். ‘இது என்னய்யா, சட்டமா எழுதிருக்க’ என்று ஒரு கிளையில் கேட்டார்களாம். அந்த அக்காவுக்கு நாற்பது நாளில் நாலாயிரம் திரும்பி வந்தது. வராத ஆளும் உண்டு. குஜிலியம்பாறைப் பெரியம்மாவுக்கு இன்னும் வரவில்லை, குறைதீர்ப்பாளர் வரைக்கும் போயிருக்கிறோம்.

திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் காலை ஒன்பதிலிருந்து இருப்பேன். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் நாலு பேர் கூட உட்கார்ந்தால் அங்கேயே ரேகை பூட்டலாம், சிம் பார்க்கலாம், 1930க்குப் பேசலாம். வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பேர் கொடுங்கள். உங்கள் தெருவில் காசு போன ஆள் யாரும் இருந்தால் அன்றைக்கே கூட்டி வாருங்கள். வரும்போது பாஸ்புக்கைப் பதிந்து எடுத்து வாங்க. ஆதார் ஜெராக்ஸ் வேண்டாம்.